கம்ப்யூட்டர் திறக்கலைன்னா கணக்கு போயிடுமா?

(கொமரலிங்கத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் நம் ஆபீஸ் கம்ப்யூட்டர் இரண்டு நாள் திறக்கவே இல்லை. அதற்குள் ஊரெல்லாம் பேச்சு. "நம்ம கடன் கணக்கெல்லாம் அழிஞ்சு போச்சாமா? கட்டின தவணையை இனி யாருங்க ஒத்துக்குவாங்க?" என்று நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா வரப்பிலேயே எங்களை நிறுத்திக் கேட்டார். நியாயமான பயம்தான். அதனால் நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறோம்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதனால் நம் கம்ப்யூட்டரை விண்டோஸ் 11-க்கு மாற்றினோம். மாற்றிவிட்டு ஆன் செய்தால் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. அப்புறம் வெறும் கறுப்புத் திரை.

கடைக்காரருக்குப் போன் போட்டோம். "ஃபார்மட் பண்ணிடலாங்க, ஒரு மணி நேர வேலை" என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டோம். நல்லவேளை, நம் கணக்காளர் குறுக்கே கேட்டார்: "உள்ள இருக்கற கணக்கு?" "அதெல்லாம் போயிடுங்க, காப்பி வச்சிருப்பீங்கல்ல?" காப்பி இருந்தது; ஆனால் நான்கு மாதம் பழையது! இது எங்கள் தப்பு. ஒளிக்க ஒன்றுமில்லை.

வாசல் பூட்டு கெட்டுப்போனால் உள்ளே இருக்கிற அரிசி மூட்டை எங்கேயும் போகாது. விண்டோஸ் என்பது அந்தப் பூட்டு மாதிரி. ஃபார்மட் என்பது வீட்டையே காலி செய்வது. அதனால் காப்பி எடுக்காமல் யார் சொன்னாலும் ஃபார்மட்டுக்குச் சம்மதிக்கக் கூடாது.

அப்புறம் என்ன செய்தோம்? பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றினோம். முன்பக்கம் சின்ன விளக்கு மினுக்கினால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். அப்போது அணைக்கக் கூடாது. நாங்கள் வெகுநேரம் காத்திருந்தும் அசைவே இல்லை. பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணைத்து, மறுபடி போட்டோம். இப்படி இரண்டு மூன்று முறை திறக்க முடியாமல் போனால், விண்டோஸே பழுது பார்க்கிற நீலத் திரையைக் காட்டும். அதில் 'ட்ரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. முதலில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்' செய்து பார்த்தோம், பலிக்கவில்லை. 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' வழியாகப் பழைய விண்டோஸுக்கே திரும்பினோம். மாற்றிய பத்து நாளுக்குள் இப்படித் திரும்ப முடியும். கணக்கு ஒரு வரி குறையாமல் இருந்தது. காப்பி எடுத்த பிறகுதான் மறுபடி மாற்றினோம்.

சில கம்ப்யூட்டர் 48 இலக்கச் சாவி எண் கேட்கும். அதை முன்கூட்டியே எடுத்து நோட்டில் எழுதி பீரோவில் வைத்துவிட வேண்டும்.

நமக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை இது. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டால், உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெரிய பெரிய ஆபீஸே அன்றைக்குப் பேனாவைத் தேடியது! அப்போதும் ஃபார்மட் செய்து சரியாக்கவில்லை. சேஃப் மோடில் திறந்து, கோளாறான ஒரே ஒரு ஃபைலை அழித்தார்கள், பெட்டி திறந்தது.

அந்த இரண்டு நாளும் நாங்கள் ஓரளவு தைரியமாக இருந்ததற்குக் காரணம், உங்கள் வீட்டில் இருக்கிற பாஸ் புத்தகமும் குழுவின் பேரேடும்தான். ஆனால் சில குழுக்களில் "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தறாங்களே" என்று எழுதுவதையே விட்டிருக்கிறார்கள். அந்தக் குழுக்களுக்கு நாங்களே வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

இனி வாரா வாரம் சனிக்கிழமை இரண்டு பென் டிரைவில் காப்பி எடுப்போம். ஒன்று ஆபீஸ் பீரோவில், இன்னொன்று பொருளாளர் அக்கா வீட்டில். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் பேரேட்டையும் எல்லோருடைய பாஸ் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். கம்ப்யூட்டர் கணக்கோடு வைத்து ஒரு தடவை ஒத்துப் பார்த்துவிடுவோம்.