நம் கணக்கு எந்த நூலகத்தில்?

(கரோல் பாக் உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் கூடியிருக்கும் கரோல் பாக்கை ஒட்டியே பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1905-ல் பீகாரில் தொடங்கி, 1934 பூகம்பத்தில் கட்டடம் இடிந்தபின், 1936-ல் டில்லிக்கு வந்தது. பயிர், மண், பூச்சி பற்றிய ஏடுகள் அதன் நூலகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருக்கின்றன. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவிக்க அரசு துணிந்தது என்றால், அதற்கு முன்பே இங்கே விதைத்துப் பார்த்து எழுதிவைத்த கணக்கு இருந்தது. அந்த வேலையில் முன்னின்றவர் நம் கும்பகோணத்துக்காரர் எம். எஸ். சுவாமிநாதன்.

கோதுமைக்கு அப்படி. கோதுமை மூட்டை தூக்குகிறவனுக்கு?

மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்க்கென்று 1979-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தவருக்குப் படம் ஒட்டிய பாஸ் புத்தகம் தரவேண்டியிருந்தது. கூலி விவரம் அதில் இருக்கவேண்டியிருந்தது. தமிழர் என்றால் தமிழிலும் எழுதவேண்டியிருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர் கை தூக்குங்கள்! (ஒரு கையும் எழவில்லை.)

எழுதாத ஏடு எந்த நூலகத்துக்குப் போகும்? அதன் விலை 2020-ல் தெரிந்தது. ஊரடங்கில் ஊருக்குக் கிளம்பியவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று மக்களவையில் கேட்டார்கள். அப்படிக் கணக்கு வைக்கவில்லை என்று செப்டம்பரில் தொழிலாளர் அமைச்சகம் எழுதிக்கொடுத்தது. கணக்கு இல்லாததால் நட்டஈடு என்ற கேள்வியே எழவில்லையாம்! அதே மாதத்தில், 1979 சட்டத்தையும் விழுங்கிய புதிய சட்டத் தொகுப்பு நிறைவேறியது.

தொழிலாளிக்கு நூலகமே இல்லை என்று சொல்லமாட்டோம். நொய்டாவில் வி. வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தில் 1998 முதல் ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. சங்கத் தாள்கள், கமிஷன் அறிக்கைகள், தொழிலாளர் வாய்மொழி எல்லாம் சேர்க்கிறார்கள். சட்டம் எழுதுகிறவர்கள் அதைப் புரட்டித்தான் எழுதுவார்கள் என்று நாம் நம்பிவிட வேண்டாம். ஆனால் நம் தாள் அங்கே இல்லாவிட்டால், புரட்டுகிறவருக்கும் நாம் தென்படமாட்டோம்.

ஆகவே பெட்டியின் அடியில் கிடக்கும் கூலிச்சீட்டு, சங்க அட்டை, ஒப்பந்தக்காரர் கிறுக்கிக் கொடுத்த துண்டுத்தாள், எதுவானாலும் அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள். வீட்டு வேலைக்குப் போகும் தாய்மார்களுக்குச் சீட்டு ஏது? எந்த ஆண்டு வந்தீர்கள், எத்தனை வீடு, என்ன கூலி என்று நீங்கள் சொல்லுங்கள், நாம் எழுதிக்கொள்வோம். ஒரு நகல் நம் சங்கத்தில் இருக்கும். இன்னொன்றை ஏற்கும்படி நொய்டாவில் கேட்கப்போகிறோம். மூலத்தாளை அன்றைக்கே உங்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.