கடமும் கிற்றாரும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருவிழா மேடையில் கிற்றார் ஏறினால் பெரியோர் முகஞ் சுளிக்கின்றனர். சங்கீதக் கச்சேரி என்றாலோ இளைஞர் எழுந்து போகின்றனர். இவ்விரு சாராரும் ஒருங்கிருந்து கேட்கத்தக்க இசை உலகில் உண்டா? உண்டு. அது எவ்வாறு பிறந்தது என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

மின்சாரக் கிற்றாரும் டிரம்மும் முழங்க, பெரும்பாலும் நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் நடக்கும் மேனாட்டு இசையை றொக் என்பர். 1960களின் பிற்பகுதியில் அந்த இசைஞருள் சிலர் சிறு பாட்டுக்களோடு அமையாது, நீண்ட உருப்படிகளையும் சிக்கலான தாளங்களையும் கையாளத் தொடங்கினர். அதுவே முற்போக்கு றொக் எனப் பெயர் பெற்றது.

இவ்வழியில் 1971இல் நியூயோர்க்கில் ஒரு குழு எழுந்தது. அதனை அமைத்தவர் ஜோன் மக்லாக்லின் என்னும் ஆங்கிலேயர். வங்காளத்தவரான ஸ்ரீ சின்மயர் என்னும் குரு அவருக்குச் சூட்டிய பெயர் மகாவிஷ்ணு. ஆகவே குழுவும் மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா ஆயிற்று. கிற்றார், வயலின், விசைப்பலகை, பாஸ் கிற்றார், டிரம் என ஐந்தே வாத்தியங்கள், பாடகர் எவருமிலர். 1973இல் வெளிவந்த அவர்களது இரண்டாவது இசைத்தட்டின் முதல் உருப்படி 18 எண்ணிக்கை கொண்ட தாளத்தில் ஓடுகிறது. நம் தாளக் கணக்கை அறிந்தவர் அதனைக் கேட்டால் கை தானே தொடையில் தாளம் போடும்.

பெயரிலே மகாவிஷ்ணு இருந்தால் மட்டும் சங்கீதம் வந்துவிடுமா என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மக்லாக்லினும் அதனை உணர்ந்தவரே. புகழின் உச்சியில் நின்ற அவர், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் மாணவராக அமர்ந்து வீணை பயின்றார். பின்னர் மின்சாரக் கிற்றாரை ஒருபுறம் வைத்துவிட்டு, சக்தி என்னும் புதிய குழுவில் நம்மவரோடு மேடையில் சம்மணமிட்டு அமர்ந்தார். அவர்களது முதல் இசைத்தட்டு 1975 ஜூலை 5இல் நியூயோர்க் மாநிலத்தில் நடந்த கச்சேரியிலே பதிவாயிற்று. வயலின் எல். சங்கர், தபேலா ஜாகீர் உசேன், கடம் விக்கு விநாயகராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். வடக்கின் தபேலாவும் தெற்கின் கடமும் ஒரே மேடையில் உரையாடின.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். சாதாரணக் கிற்றாரில் கமகம் எளிதில் பிறவாது. ஆதலால் அவருக்கென ஒரு கிற்றார் தனியாகச் செய்யப்பட்டது. அதன் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கினர். தந்தியை அழுத்தியும் இழுத்தும் சுரத்தை அசைக்க வழி பிறந்தது. தாமே அதிரும் ஏழு தந்திகளைக் குறுக்கே பூட்டினர். நம் இசையைத் தம் வாத்தியத்துக்கு ஏற்ப அவர் குறுக்கவில்லை. தம் வாத்தியத்தையே நம் இசைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்.

இக்கதையில் இலங்கைக்கும் பங்குண்டு. எல். சங்கரின் தந்தையார் வி. இலட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். பக்கவாத்தியமாய் இருந்த வயலினைத் தனிக் கச்சேரிக்கு உரியதாக்க வேண்டும் என்பது அவர் வேட்கை. அவர்தம் மைந்தர் மூவரும், வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் என, வயலின் மேதைகளாயினர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் அக்குடும்பம் சென்னைக்குப் போயிற்று. மக்கள் நிம்மதியாக வாழ இயலாத இடத்தில் கலை நிலைப்பதில்லை. தோட்டத்து மக்களாகிய நமக்கு இதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியோர்களே! கிற்றார் அந்நியம் என்கிறீர்கள். வயலினும் ஒரு காலத்தில் அந்நியமே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதனை ஐரோப்பியரிடமிருந்து கற்று நம் சங்கீதத்தில் சேர்த்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது.

தோழர்களே! பழையது பயன்படாது என்கிறீர்கள். கடம் என்பது என்ன? சுட்ட மண்பானை. நம் முன்னோரிற் பலர் புறப்பட்டு வந்த சீமையிலுள்ள மானாமதுரை அதற்குப் பேர்போன ஊர். அந்தப் பானைதான் உலக மேடைகளை அதிரச் செய்தது. விநாயகராமின் மைந்தர் செல்வகணேஷும் சக்தி குழுவில் சேர்ந்தார். 2024இல் அக்குழு கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகீர் உசேன் மறைந்தார்.

பானைக்கு அந்தப் பெருமை கிடைக்குமாயின் நம் தப்புக்கு ஏன் கிடைக்கலாகாது? நம் பாட்டன்மாரைப் பிரட்டுக்கு அழைத்தது தப்பு. காமன் கூத்துக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என அது பேசும். அதனைத் தாழ்ந்தது என ஒதுக்கிய மனம் நம்முடையதே; வாத்தியத்தில் தாழ்வு இல்லை. அடி அறிந்த கிழவர்கள் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவர்களோடு அந்த அடிகளும் போய்விடும்.

ஆகவே ஒன்று செய்வோம். கிற்றார் வைத்திருக்கும் பிள்ளைகள் வாரம் ஒரு மாலை ஒரு தப்புக் கலைஞரின் முன் அமர்ந்து, அவ்வடிகளைக் கையாலும் வாயாலும் கற்கட்டும். ஏட்டிலும் எழுதி வைக்கட்டும். இராகமும் தாளமும் கற்பிக்க ஓர் ஆசிரியரைச் சங்கம் தேடட்டும். பெரியோர் அம்மாலைக்கு மண்டபத்தின் கதவைத் திறந்துவிடட்டும். கற்ற பின் கலக்கலாம்; கல்லாது கலந்தால் இரண்டும் கெடும். மக்லாக்லின் முதலில் மாணவராய் அமர்ந்தார் என்பதை மறவாதிருப்போம். அடுத்த ஆண்டு விழாவில் பொல்பிட்டிய மேடையில் தப்பும் கிற்றாரும் ஒன்றாய் ஒலிக்க, மூத்தோரும் இளையோரும் கடைசிவரை எழாமல் இருந்து கேட்போமாக.