நேற்று ராத்திரி என்ன நடந்தது?

இறையியல் முதுநிலைப் படிப்பில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே!

எபிரெயமும் கிரேக்கமும் கற்றுத்தரத் தகுதியுள்ளவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் ஆன்டன் பாய்சன் என்ற ஒரே ஒரு மனிதரைப் பற்றிப் பேசிவிட்டு அமர்ந்துவிடுகிறேன்.

பாய்சன் அமெரிக்கர். 1876இல் பிறந்தவர். வனவியல் படித்தார். பிறகு நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியில் படித்து ஆயரானார். 1920இல் அவருடைய மனம் கலங்கிப்போயிற்று. மனநல மருத்துவமனையில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். தெளிந்து வெளியே வந்தவர், அந்த வாசலை மறந்துவிட்டு ஓடியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஓடவில்லை. 1924இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனைக்கு ஆயராகப் போனார். மறு ஆண்டுக் கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை அங்கேயே அழைத்துக்கொண்டார். அவர்கள் பிரசங்கம் செய்யப் போகவில்லை. வார்டு ஊழியர்களாக வேலை பார்த்தார்கள். பழைய ஏடுகளை எவ்வளவு கவனமாகப் படிக்கிறீர்களோ, அதே கவனத்தோடு இந்த மனிதர்களையும் படியுங்கள் என்பதுதான் அவர் நடத்திய பாடம். இன்று உலகமெங்கும் மருத்துவமனைகளில் நடக்கும் மேய்ப்புப்பணிப் பயிற்சி அந்த வார்டில் முளைத்தது.

1930இல் நோய் அவருக்குத் திரும்ப வந்தது. எழுந்தார். மறுபடியும் நோயாளிகளிடமே போனார். 1965இல் இறக்கும்வரை அந்தத் தொடர்பு அறவில்லை.

பாய்சனை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பத்துப்பாட்டு நினைவுக்கு வரும். அந்தப் பத்தில் பாதி ஆற்றுப்படைகள். பசியோடு போய்ப் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனை நிறுத்தி வழி சொல்கிறான். எந்தக் காடு, எந்த ஊர், எங்கே சோறு கிடைக்கும் என்பதெல்லாம் அவன் நடந்து அறிந்தது. கவுன்சலிங் என்பதற்கு 'ஆற்றுப்படுத்துதல்' என்று பெயர் வைத்தார்களே, அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தச் சொல்லுக்குள் பாய்சனின் முழு வாழ்க்கையும் இருக்கிறது.

என் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். அருட்பணிக்கு வந்த புதிதில் ஒரு மருத்துவமனை வார்டுக்குப் போனேன். கட்டிலில் பதினெட்டு வயதுப் பையன். பக்கத்தில் தரையில் அவன் தாய். என்னைக் கண்டதும் எழுந்து, "ஐயா, நேத்து ராத்திரி இவன்..." என்று ஆரம்பித்தார். "ஜெபம் பண்ணுவோம்மா" என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். நல்ல ஜெபம்தான். முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மறுவாரம் அந்தக் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். அந்தத் தாய் என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. யோபுவின் நண்பர்கள்கூட ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஏழு நிமிஷம் முடியவில்லை.

இங்கே உங்களை உரையாடல் பதிவு எழுதச் சொல்வார்கள். நோயாளி சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் நினைவிலிருந்து வரிவரியாக எழுதி, வகுப்பில் எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும். 1930களில் ரசல் டிக்ஸ் என்ற ஆயர் பாஸ்டனில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. வாசிக்கும்போது கூச்சமாக இருக்கும். எந்த இடத்தில் அடுத்தவர் பேச்சை வெட்டினோம் என்பது தாளில் பளிச்சென்று தெரிந்துவிடும். அன்றைக்கு என்னை அப்படி எழுதவைக்க ஆளில்லையே என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

அந்தப் பதிவைத் தமிழில் எழுதுங்கள், பிள்ளைகளே. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969இல் எழுந்ததும், இறையியலைத் தமிழிலேயே படிக்கலாம் என்று அது காட்டியதும் சின்னக் காரியமல்ல. ஒரு பாட்டி "ஈரக்கொல நடுங்குதுய்யா" என்றால் அப்படியே எழுதுங்கள். அதைப் 'பதற்றம்' என்று திருத்தினால் பாட்டி காணாமல் போய்விடுவார்.

வருகிற சனிக்கிழமை உங்களுக்கு முதல் வார்டு சந்திப்பு என்று கல்லூரி முதல்வர் சொன்னார். கட்டிலோரம் ஒரு ஸ்டூல் கிடக்கும். இழுத்துப் போட்டு உட்காருங்கள். அவர்கள் கேட்கும்வரை வேதாகமம் பைக்குள்ளேயே இருக்கட்டும். யாராவது "நேத்து ராத்திரி..." என்று ஆரம்பித்தால், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை எழுந்துவிடாதீர்கள்.