வலியை வாய் திறந்து சொல்வோம்

(பொன்விழா நிகழ்ச்சியில் சங்கத்தின் சுகாதாரக் குழு ஆற்றிய உரை)





இந்தச் சங்கத்தை உருவாக்கிய நம் முன்னோரின் உழைப்பைப் பற்றிப் பலரும் இங்கே பேசினார்கள். நாங்கள் அவர்களுடைய முதுகையும் முழங்காலையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அந்த உழைப்பின் கணக்கு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் வட்டாரத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து பால்மரம் வெட்டினார்கள். காண்டாக் கம்பில் இரண்டு பால் வாளிகளைத் தொங்கவிட்டு மேட்டிலும் பள்ளத்திலும் சுமந்தார்கள். செம்பனை வந்த பிறகு, அண்ணாந்து பார்த்தபடியே நீளக் கம்பால் குலை அறுத்தார்கள்; அதைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டார்கள். நம்மில் பலருடைய அத்தாமார் சைக்கிளில் துணி மூட்டை கட்டி லயம் லயமாகச் சென்றவர்கள். மளிகைக் கடையில் அரிசி மூட்டை இறக்கியவர்கள். உணவகம் வைத்தவர்களோ நாள் முழுக்க நின்றபடி ரொட்டி மாவு பிசைந்தவர்கள்.

அன்று வலி என்றால் தோட்டத்து டிரெஸர் ஒரு வெள்ளை மாத்திரை கொடுப்பார். வீட்டில் தைலம் தேய்ப்பார்கள். மறுநாள் பெரட்டுக்குப் போயாக வேண்டும். “வயசாச்சு, வலிக்கத்தான் செய்யும்” என்று பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். பொறுமை ஈமானில் உள்ளதுதான். ஆனால் மருத்துவம் தேடுவது பொறுமைக்கு எதிரானதல்ல.

நம் ஜமாஅத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறோம். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒரு தாயார். முழங்கால் வலியால் தராவீஹ் தொழுகைக்கு வருவதையே நிறுத்தியிருந்தார். பிறகு பாசார் மாலாமில் யாரோ விற்ற மூட்டுவலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். மூன்றே நாளில் வலி பறந்தது. சில மாதங்களில் முகம் உருண்டு, கன்னம் நிறைந்து வந்தது. “உடம்பு நல்லாத் தேறிடுச்சே” என்று நாம்தான் அவரைப் பாராட்டினோம். அவர் சொல்லி இன்னும் நான்கு பேர் அதே மாத்திரையை வாங்கினார்கள்.

அது தேறிய உடம்பல்ல, மருந்தால் வந்த வீக்கம். இனிப்பு நீர் கட்டுக்கடங்காமல் ஏறியது. மாத்திரை தீர்ந்து திடீரென்று நின்றதும் மயங்கி விழுந்தார். அந்த மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. நாட்டுமருந்து என்ற பெயரில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்து விற்பதைச் சுகாதார அமைச்சு பல முறை எச்சரித்திருக்கிறது. அத்தகைய மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது. கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். இனி எந்த மருந்தை வாங்கினாலும் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அந்தத் தாயார் இன்று நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவர் ஏன் பாசார் மாலாமுக்குப் போனார்? கிளினிக்கில் அவர் வலியை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்ததால்தான். அங்கே பேரனை அழைத்துப் போயிருந்தார். பாட்டி சொன்னது: “ராத்திரியில குடைச்சல், காலையில பிடிப்பு, பாதத்துல எரிச்சல்.” பேரன் மலாயில் சொன்னது ஒரே சொல்: “சாக்கிட்.”

குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு, சுளுக்கு, மதமதப்பு என்று நம் வீட்டில் வலிக்கு எத்தனை சொற்கள்! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னு ஸீனா தமது ‘அல்கானூன்’ நூலில் பதினைந்து வகை வலிகளைப் பிரித்துக் காட்டினார். வலியின் தன்மையிலேயே அதன் காரணத்துக்கான துப்பு இருக்கிறது. அந்தத் தாயாருக்கு இருந்தது ஒரு வலியல்ல. முழங்காலில் மூட்டுத் தேய்மானம். பாதத்தில் நீரிழிவால் வந்த நரம்பு வலி. இரண்டுக்கும் மருந்து வேறு.

நம்மிடையே அடிக்கடி காணும் வலிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். குனிந்து நிமிர்ந்து, சுமை தூக்கியவர்களுக்கு இடுப்பு வலி. அது தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை மின்சாரம் போல் இறங்கினால், முதுகெலும்புத் தட்டு நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். தோளைத் தூக்கவே முடியாமல் இறுகிப்போவது உறைந்த தோள்; நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே பாத எரிச்சலையும் மதமதப்பையும் லேசாக எண்ண வேண்டாம். அக்கி கொப்புளம் ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் எரிவதும் நரம்பு வலியே.

புதிதாக வரும் வலி வீட்டில் அடிக்கும் அபாய மணி போன்றது. காயம் ஆறினால் மணி ஓய வேண்டும். மூன்று மாதத்துக்கு மேலும் ஓயாவிட்டால் அதை நாட்பட்ட வலி என்கிறார்கள். அப்போது மணியே பழுதாகிவிட்டிருக்கலாம்; நரம்பும் மூளையும் சிறிய தொடுதலைக்கூடப் பெரிய வலியாக உணரத் தொடங்கும். “ஸ்கேனில் ஒன்றுமில்லை” என்றால் வலி பொய் என்று பொருளல்ல.

இத்தகைய வலிக்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் மயக்க மருந்துத் துறையிலிருந்து வந்தவர்கள். நம் சுகாதார அமைச்சு 2008 முதல் இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, சுவாசம், வெப்பம் ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது அளவாக ஆஸ்பத்திரிகளில் கேட்டுக் குறிக்கச் செய்திருக்கிறது. பூஜ்யம் முதல் பத்துக்குள் எவ்வளவு என்று தாதி கேட்டால், வெட்கப்பட்டு “கொஞ்சம்தான்” என்று சொல்லாதீர்கள்.

வலி நிபுணர் என்ன செய்வார்? முதலில் கேட்பார்: எங்கே, எப்போது, எப்படி, எதைச் செய்ய முடியவில்லை? பிறகு மருந்து. மூட்டு வீக்கத்துக்கு ஒரு வகை; நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை. இவற்றில் சில மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தரப்படுபவை. தாளில் அதைப் படித்துவிட்டு, “எனக்கென்ன பைத்தியமா?” என்று வீசிவிட வேண்டாம். கடையில் வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

தேவைப்பட்டால் நரம்பைச் சுற்றியோ முதுகுத்தண்டின் அருகிலோ எக்ஸ்-ரே அல்லது ஸ்கேன் பார்த்து ஊசி போடுவார்கள். சிலருக்கு, வலியைக் கடத்தும் சிறு நரம்பை ரேடியோ அலை வெப்பத்தால் மரக்கச் செய்வார்கள். இவை பலருக்குச் சில வாரமோ மாதமோ நிம்மதி தரும். அந்த இடைவெளியில் உடற்பயிற்சி செய்து தசையை வலுவாக்க வேண்டும். ஊசி போட்டுவிட்டுப் படுத்திருந்தால் வலி திரும்பும்.

செலாயாங் மருத்துவமனையில் டாக்டர் மேரி கார்டோசாவும் அவர் குழுவினரும் 2002-இல் தொடங்கிய ‘மெனாங்’ பயிற்சியைப் பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். மெனாங் என்றால் வெற்றி. மருத்துவர், உடற்பயிற்சி நிபுணர், உளவியலாளர் சேர்ந்து நோயாளிகளைக் குழுவாக அமர்த்திப் பயிற்றுவிக்கிறார்கள். வலி முழுதும் போய்விடும் என்று அவர்கள் வாக்குக் கொடுப்பதில்லை. வலி இருந்தாலும் நடக்கலாம், சமைக்கலாம், பேரப்பிள்ளையைத் தூக்கலாம் என்று கற்றுத்தருகிறார்கள்.

புற்றுநோய் வலிக்கு மருத்துவர் தரும் மார்ஃபினைக் கண்டு பயப்படும் குடும்பங்கள் உண்டு. வலிக்காக அளந்து கொடுப்பதும் போதைக்காக உட்கொள்வதும் ஒன்றல்ல. ஐயம் இருப்போர் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நம்மவர் கடைசி நாட்களில் துடிக்கத் தேவையில்லை.

சில வலிகள் காத்திருக்கக் கூடாதவை. முதுகு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனால், கால் பலமிழந்தால், காய்ச்சலோ காரணமற்ற எடை இழப்போ இருந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். நெஞ்சு வலி தோளுக்கும் கைக்கும் பரவினால் தைலம் தேய்க்காதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

மற்றவர்கள் முதலில் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குச் செல்லுங்கள். கட்டணம் ஒரு வெள்ளிதான். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுத்தான் நிபுணரிடம் போக வேண்டும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டுமருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வேலையிடத்தில் அடிபட்டிருந்தால் சொக்சோவில் கேளுங்கள். நோன்புக் காலத்தில் மருந்து நேரத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது. நாற்காலியில் தொழுபவரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டியை அழைத்துச் செல்லும் முன், வீட்டில் பத்து நிமிடம் அவர் அருகில் உட்காருங்கள். குடைச்சல் எங்கே, எரிச்சல் எங்கே என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எரிச்சலுக்கும் குத்தலுக்கும் மலாயில் என்ன சொல் என்று பார்த்துக்கொண்டு போங்கள். நம் வயிற்றுக்காக முதுகு வளைந்தவர்களுக்கு இதையாவது செய்வோம்.

நாங்கள் குறிப்பிட்ட அந்தத் தாயார் சென்ற ரமலானில் பள்ளிக்கு வந்தார். பின் வரிசையில் நாற்காலி போட்டு, இருபது ரக்அத்தும் தொழுதார். இந்த முறை யாரும் அவர் உடம்பைப் பற்றிப் பேசவில்லை. “வலி எப்படி இருக்கு?” என்று கேட்டோம். அவர் உட்கார்ந்து விவரமாகச் சொன்னார்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.