களிற்றின் உட்சூடு

மாத்தளை, பொலன்னறுவை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் வஸ்கமுவ வனம் 1984இல் தேசிய பூங்காவாயிற்று. அங்கே மேயும் களிறுகளைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டிருக்கலாம். எருதுக்கும் ஆட்டுக்கடாவுக்கும் வெளியே தொங்கும் விதைப்பை யானைக்கு இல்லை. அதன் விதைகள் வயிற்றினுள், சிறுநீரகங்களுக்கு அண்மையிலேயே இருக்கின்றன.

இதிலென்ன விந்தை என்பீர்கள். விந்து உண்டாகக் குளிர்ச்சி வேண்டும். மனிதரின் விதைப்பை உடலைவிட 2 முதல் 4 பாகை குளிர்ந்தது. சூடு மிகுந்தால் விந்துக் கலங்கள் கெடும். யானையோ ஏறக்குறைய 36 பாகை உட்சூட்டிலேயே இத்தொழிலை நடத்துகிறது.

தொழில் என்றேன், உரையாடல் என்பதே பொருந்தும். மூளையடியிலுள்ள கபச்சுரப்பி ஓமோன்களை அனுப்புகிறது. அவற்றுள் ஒன்றைக் கேட்டு விதையிலுள்ள சில கலங்கள் ஆண் ஓமோனைச் சுரக்கின்றன. 1865இல் செர்டோலி என்னும் இத்தாலியர் விவரித்த செவிலிக் கலங்கள் இச்செய்திகளை ஏற்று, வளரும் விந்துக் கலங்களைப் பேணுகின்றன. எலிகளில் கண்டது இது: செவிலிக் கலம் தரும் ஒரு புரதம் மூலக் கலங்களை, "பெருகிக்கொண்டிரு" என்கிறது, விற்றமின் ஏயிலிருந்து உண்டாகும் அமிலமோ, "இனி விந்தாக மாறு" என்கிறது. அந்த விற்றமினை உணவிலிருந்து நீக்கினால் மாற்றம் தடைப்படும்; மீண்டும் ஊட்டினால் தொடங்கும்.

இவற்றோடு எச்சரிக்கைச் செய்தியும் உண்டு. பரம்பரைப் பொருள் சிதைந்தால் பி53 என்னும் புரதம் கலப்பிரிவை நிறுத்தும்; திருத்த முடியாத கலத்தை மாளவும் செய்யும். மனிதரில் இதற்கு ஒரே பரம்பரையலகு. யானையில் 20 அளவில் உண்டென 2015இல் அறியப்பட்டது. புற்றுநோய்க் காவல் என்றே முதலிற் கருதினர். ஒக்ஸ்போர்டு அறிஞர் பிரிட்ஸ் வொல்ராத் 2023இல் வேறொன்று சொன்னார்: சூட்டிலே பிறக்கும் விந்தைப் பழுதின்றிக் காக்கவே இவை பெருகியிருக்கலாம் என்று. இது கருதுகோளே, முடிந்த முடிபன்று. எனினும் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

மதநீர் வடிகையில் ஆண் ஓமோன் பன்மடங்கு உயரும். மதமின்றிக் களிறு தந்தையாகாது என எண்ணுவது பிழை. மற்றைக் காலத்திலும் அது விந்தை ஆக்குகிறது. ஆனால் பிடி சூலுறின் ஈனுதற்கு 22 மாதம். பெரும்பாலும் ஒரே கன்று. வயலுக்கு இறங்கிப் பயிரழிப்பனவும், அதனால் உயிரிழப்பனவும் களிறுகளே மிகுதி. 2023இல் இலங்கையில் இறந்த யானைகள் 400க்கும் மேல்.