பழைய கேமராவும் தொகுப்பவர் கடனும்

தோற்றுவாய்



தேடித் தொகுத்தல் என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதலில் தோன்றுவன ஏட்டுச் சுவடிகளே. பரணிலும் மூலையிலும் கறையானுக்கு இரையாகிக் கிடந்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற உ.வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் ஏற்றினார். அவர்தம் பணியில் மூன்று நிலைகள் உண்டு. தேடிக் கண்டடைதல் முதல் நிலை; பிழை நீக்கி மெய்ப்பாடம் காணுதல் இரண்டாம் நிலை; கண்டதைப் பிறர் கையில் சேர்த்தல் மூன்றாம் நிலை. கைக்கு வந்த ஏட்டை எழுதினோன் வேறொருவன் என்னும் நினைவு இம்மூன்று நிலைகளிலும் அவரை விட்டு நீங்கவில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு வேறொரு தொகுப்புப் பணியை நோக்குவதே இவ்வுரையின் பொருள். பிலிம் சுருள் இட்டுப் படம் பிடித்த பழைய கேமராக்களைக் கைமாற்றுக் கடைகளில் தேடி வாங்கிச் சேர்ப்போர் இன்று உலகெங்கும் உளர். எண்முறைக் கேமராக்களும் கைபேசிகளும் பரவியபின் வீடுகளில் பயனற்று ஒதுங்கிய கருவிகளே அவர்தம் தேட்டம். அத்தேட்டம் வெறும் பொழுதுபோக்கா, பதிப்பாசிரியப் பணியோடு ஒருங்கே வைத்து எண்ணத்தக்கதா என்பது இங்கே எழும் வினா.

கடைத்தெருவில் கிடைப்பன

புகைப்படக் கலை செல்வர் வீட்டுக் கலையாகப் பிறந்தது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் வெளியிட்ட கோடக் கருவியின் விலை 25 டாலர். அதில் 100 படங்களுக்குரிய சுருளை நிறுவனத்தாரே இட்டுத் தந்தனர். எடுத்து முடித்தபின் கருவியையே ஆலைக்கு அனுப்ப வேண்டும். 1900இல் அதே நிறுவனம் பிரௌனி என்னும் அட்டைப்பெட்டிக் கேமராவை 1 டாலருக்கு விற்றது. சிறுவரும் வாங்கத்தக்க விலை அது. புகைப்படம் எளியோர் கைக்கு வந்தது அப்போதுதான்.

1901இல் பிரௌனியின் அடுத்த வகைக்கென உருவான 120 என்னும் அளவுள்ள சுருள் இன்றும் உற்பத்தியாகிறது. ஆகவே, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பெட்டி ஒன்று கெடாமல் கிடைத்தால், புதுச்சுருள் இட்டு இன்று காலையே படம் எடுக்கலாம். பழம்பொருள்களுள் இப்பேறு பெற்றவை மிகச் சிலவே.

இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்களின் கருவியாக விளங்கியது, இந்நாட்டிலேயே செய்யப்பட்ட அக்ஃபா கிளிக் 3. அதே 120 சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கலாம். திருமணம், காதுகுத்து, ஊர்த்திருவிழா என்னும் மூன்றையும் ஒரே சுருளில் அடக்கிய குடும்பங்கள் பல. ஓராண்டுக் காலமும் ஒரு சுருளிலேயே கழிந்ததுண்டு. இக்கருவியும், தோல்துருத்தி விரியும் மடக்குக் கேமராக்களும் இன்றும் காயலான் கடைகளில் தலை காட்டுகின்றன. ஸ்டூடியோ மூடும் நாளிலும் பழைய வீட்டைக் காலி செய்யும் நாளிலும் அவை வெளியே வருகின்றன. சென்னையில் கைமாற்றுப் பொருள்களுக்கும் பழைய நூல்களுக்கும் பெயர்பெற்ற மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. நூல் தேடுவோரும் கருவி தேடுவோரும் ஒருசேர இழந்த அங்காடி அது.

தமிழகத்திற்கு இத்துறையில் மற்றோர் உறவும் உண்டு. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1960இல் தொடங்கப்பெற்றது; திங்களைக் குறிக்கும் ‘இந்து’ என்னும் பெயர் தாங்கி அதன் சுருள்கள் விற்பனையாயின. பின்னர் அவ்வாலை நலிந்து மூடுவிழாக் கண்டது. அதன் பெயர் பொறித்த அட்டைப்பெட்டிகளையும் தொகுப்போர் இன்று தேடுகின்றனர்.

மெய்யும் போலியும்

பாடம் தேர்வோர் இடைச்செருகலுக்கு அஞ்சுவதுபோல், கேமரா தொகுப்போர் போலிக்கு அஞ்சுவர். அவ்வச்சத்திற்கு நடுவில் நிற்பது லைக்கா.

ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக், திரைப்படத்திற்குரிய 35 மி.மீ. சுருளைச் சிறு கருவியில் இட்டுப் படம் எடுக்கும் வழி கண்டார். அக்கருவி 1925இல் லைக்கா என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. சட்டைப் பையில் அடங்கும் கேமரா, தெருவையும் போர்க்களத்தையும் புதிதாகக் காணச் செய்தது. பர்னாக் தாமே கையாண்ட ஒரு முன்மாதிரிக் கருவி 2022 ஜூனில் வெட்ஸ்லர் ஏலத்தில் 1 கோடியே 44 இலட்சம் யூரோவிற்கு விலைபோயிற்று.

விலை ஏறும் பெயருக்குப் போலி பிறத்தல் இயல்பு. சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஃபெட், சோர்க்கி என்னும் கேமராக்கள் லைக்காவைப் பார்த்துச் செய்யப்பட்டவை. அவற்றின் மேற்பெயரைச் சுரண்டி லைக்கா எனப் பொறித்தும், பொன்முலாம் பூசியும், போர்க்காலப் படைச் சின்னங்களைச் செதுக்கியும் விற்கும் வழக்கம் பின்னாளில் பெருகியது. தேர்ந்தவர் பொறிப்பைப் பார்ப்பதில்லை. வில்லையைக் கழற்றி உள்ளே நோக்குவர். தொலைவு காட்டும் நெம்புகோலின் முனையில் லைக்காவில் சிறு உருளை இருக்கும்; ஃபெட்டில் ஆப்புப் போன்ற தட்டை முனையே இருக்கும். பெயரை மாற்றியவன் உள்ளுறுப்பை மாற்றவில்லை. நடையை நோக்கி இடைச்செருகலைக் காண்பது போன்றதே இதுவும்.

இங்கே ஒன்று சிந்திக்கத்தக்கது. ஃபெட் என்னும் கருவி எங்கே பிறந்தது? உக்ரைனின் கார்கிவ் நகரில், போரினாலும் பஞ்சத்தினாலும் பெற்றோரை இழந்து தெருவில் திரிந்த சிறுவர்க்கென அமைந்த குடியிருப்பில் பிறந்தது. அக்குடியிருப்பை வழிநடத்தியவர் அன்டன் மக்காரெங்கோ என்னும் கல்வியாளர், எழுத்தாளராகவும் உலகறிந்தவர். திருட்டில் பழகியிருந்த பிள்ளைகளின் கைகள், மில்லிமீட்டரின் நுண்பகுதியும் பிசகாத கருவியைச் செய்யக் கற்றன. 1934 முதல் அங்கே ஃபெட் தொடர்ந்து செய்யப்பட்டது. தன் பெயருடன் நிற்கும்போது அக்கருவிக்கு ஒரு வரலாறு உண்டு. லைக்கா என்னும் பொய்ப்பெயரைச் சூட்டியவன், வாங்குவோரை ஏமாற்றியதோடு அப்பிள்ளைகளின் உழைப்பையும் அழித்தான். கூடுதல் விலை பெறுவதற்காக உண்மைப் பெயரைச் சுரண்டி எடுத்தல், ஆசிரியன் பெயரை நீக்கி நூலை வெளியிடுதலுக்கு ஒப்பாகும்.

உள்ளே உறங்கும் படம்

பழைய கேமரா வாங்குவோர் முதலில் அதன் பின்மூடியைத் திறக்க விரைவர். அறிந்தோர் அவ்வாறு செய்யார். சுருளைப் பின்னுக்குச் சுற்றும் குமிழை மெல்லத் திருப்பிப் பார்ப்பர். இழுவை தட்டுப்பட்டால் உள்ளே சுருள் உண்டு. 120 வகைக் கருவிகளில் முதுகிலுள்ள சிறு சிவப்புச் சாளரத்தில் எண் தெரியும். அங்கே 7 என்று நின்றால், யாரோ ஒருவர் ஏழாம் படத்தோடு நிறுத்தினார் என்பது பொருள். எஞ்சிய ஐந்து படங்களை எடுக்க அவருக்கு வாய்க்கவில்லை.

ஒளி பட்ட சுருளில் படம் உடனே தோன்றுவதில்லை. கழுவும் வரை மறைந்தே இருக்கும். குளிரும் இருளும் துணைநின்றால் அது நெடுங்காலம் நிலைக்கும். 1897இல் வட துருவம் நோக்கி ஆவிக்கூண்டில் சென்ற சுவீடன் நாட்டு ஆண்ட்ரேயும் அவர் தோழர் இருவரும் மீளவில்லை. 1930இல் வெண்தீவு என்னும் பனித்தீவில் அவர்தம் உடல்களும் படச்சுருள்களும் கிடைத்தன. 33 ஆண்டுகள் பனியில் கிடந்த சுருள்களை ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் கழுவி 93 படங்களை மீட்டார். விழுந்து சாய்ந்த கூண்டை இருவர் நின்று நோக்கும் படம் அவற்றுள் ஒன்று. படம் எடுத்தவரான நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க் அதைக் கண்டதில்லை.

எல்லாச் சுருளுக்கும் அந்நற்பேறு இல்லை. 1935இல் தோன்றிய கோடக்குரோம் என்னும் வண்ணச் சுருளின் உற்பத்தி 2009இல் நிறுத்தப்பட்டது. அதைக் கழுவிய கடைசி நிலையம் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்னும் சிற்றூரில் இருந்தது. 2010 டிசம்பர் 30 வரை வந்து சேர்ந்த சுருள்களோடு அப்பணி முடிந்தது. இன்று பழைய கேமராவில் கோடக்குரோம் கிடைத்தால், கறுப்பு வெள்ளையாகக் கழுவலாமேயன்றி வண்ணத்தை மீட்டல் மிக அரிது. எழுத்தறிந்தோர் மறைந்தபின் எஞ்சிய கல்வெட்டின் நிலை அதற்கு வந்துவிட்டது.

உரிமையும் கடமையும்

பொருளை வாங்கியவருக்கு அதனுள் இருக்கும் பார்வையும் உரியதாகுமா? இவ்வினாவை உலகின் முன் வைத்தவர் விவியன் மேயர்.

1926இல் நியூயார்க்கில் பிறந்து சிகாகோவில் பிறர் பிள்ளைகளை வளர்க்கும் செவிலியாக வாழ்ந்தவர் இவ்வம்மையார். கழுத்தில் ரோலைஃப்ளெக்ஸ் கேமராவைத் தொங்கவிட்டு ஓய்வு நேரமெல்லாம் தெருக்களில் படம் எடுத்தார். மேலிருந்து குனிந்து நோக்கும் இரட்டை வில்லைக் கருவி அது. எடுப்பவர் தலைதாழ்த்தி நிற்பதால் எதிரில் நிற்போர் கூச்சமின்றி இருப்பர். நூறாயிரத்திற்கும் மேற்பட்ட படங்களை எடுத்த அவர், அவற்றை எவர்க்கும் காட்ட முற்படவில்லை. பல சுருள்களைக் கழுவவும் இல்லை.

முதுமையில் வறுமை வந்தது. பொருள்களை இட்டு வைத்திருந்த அறைகளுக்கு வாடகை செலுத்த இயலாமையால் அவை 2007இல் ஏலம் போயின. தம் பகுதியின் வரலாற்று நூலுக்குப் படம் தேடிய ஜான் மலூஃப் என்னும் இளைஞர் ஒரு பெட்டியை ஏலத்தில் எடுத்தார். எடுத்தவர் யார் என அவர் அறிந்தது 2009 ஏப்ரலில். அதற்குச் சில நாள் முன்னரே விவியன் மறைந்திருந்தார். பின்னர் நூல்களும் கண்காட்சிகளும் 2013இல் ஓர் ஆவணப்படமும் வெளிவந்தன. 2014இல் அப்படங்களின் உரிமை யாருக்கு என்னும் வழக்கும் எழுந்தது. சுருளை வாங்கியவர் சுருளுக்கு உரியவர். படைப்புரிமை படைத்தவருக்கும் அவர்தம் வாரிசுக்கும் உரியது என்பதே சட்டத்தின் நிலை.

சட்டம் ஒருபுறம் நிற்க, அறம் கேட்கும் வினா கடினமானது. காட்ட விரும்பாதவரின் படத்தைக் காட்டலாமா? காட்டாதிருந்தால் அவர்தம் பார்வை குப்பையில் கரைந்திருக்கும். காட்டியதனால் அவர் காத்த மறைவு கலைந்தது. இரு பக்கமும் இழப்புள்ள வழக்கு இது. இறந்த கவிஞரின் பெட்டியில் கையெழுத்துப் படிகளைக் காணும் நண்பர் அடையும் தவிப்பும் இத்தகையதே.

இந்தியாவில் இதற்கு வேறொரு விடை கிடைத்தது. டில்லியில் வாழ்ந்த பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் குல்வந்த் ராய் 1914 முதல் 1984 வரை வாழ்ந்தவர். காந்தியடிகளையும் நேருவையும் ஜின்னாவையும் அருகிருந்து எடுத்தவர். உலகப் பயணத்தின்போது அவர் ஊருக்கு அனுப்பிய படச்சுருள் பொதிகள் வந்து சேரவில்லை. அவற்றைக் குப்பைமேடுகளிலும் தேடி அலைந்தார். எஞ்சிய பெட்டிகளை ஆதித்ய ஆர்யா என்னும் இளங்கலைஞரிடம் விட்டுச் சென்றார். நெடுங்காலம் திறவாதிருந்த பெட்டிகளை ஆர்யா பின்னர் ஒவ்வொன்றாகத் திறந்து, வகைப்படுத்தி, குல்வந்த் ராயின் பெயராலேயே உலகிற்கு அளித்தார். பழைய கேமராக்களைப் பல்லாண்டுகளாகத் தேடித் தொகுத்தவரும் அவரே. அத்தொகுப்பு 2019இல் குருகிராமில் அருங்காட்சியகமாக மலர்ந்தது. கருவியையும் கருவி கண்டதையும் ஒருவரே பேணியமை போற்றத்தக்கது.

பேணும் முறை

தொகுத்தல் எளிது; பேணுதல் அரிது. ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் வில்லைக்குப் பெரும்பகை பூஞ்சைக் காளான். சிலந்தி இழைபோல் படர்ந்து, கசியும் அமிலத்தால் கண்ணாடியையே அரித்துவிடும். தோலுறை ஈரத்தை ஈர்க்கும். ஆதலின் கருவியை உறையிலிட்டுப் பூட்டுதல் காப்பதாகாது, கெடுப்பதே ஆகும். காற்றும் சிறிது வெளிச்சமும் படுமாறு வைத்தலும், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளை உடன் இடுதலும் நலம்.

பயன்படுத்தாமையும் ஒரு கேடு. கடிகாரம்போல் பற்சக்கரங்களால் இயங்கும் ஷட்டரில் இட்ட மசகு, அசைவின்றிக் கிடந்தால் இறுகும். ஒரு நொடி திறக்க வேண்டியது மூன்று நொடி திறந்து நிற்கும், அல்லது திறவாமலே போகும். மாதம் ஒருமுறையேனும் எல்லா வேகத்திலும் அதை இயக்கிப் பார்த்தல் வேண்டும். துருத்தியில் ஊசித்துளை உண்டா என்பதை இருட்டறையில் உள்ளே விளக்கிட்டுக் காணலாம். இவற்றைச் செப்பனிடத் தெரிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்தம் கைத்திறன் ஏட்டில் இல்லை. அவரோடு அமர்ந்து கற்றால்தான் உண்டு. நூறு கருவிகளைச் சேர்த்தவரைவிட, ஒரு கைவினைஞரிடம் அமர்ந்து பத்துக் கருவிகளை இயங்கச் செய்தவரின் தொகுப்பே நீடிக்கும்.

நிறைவாக

முதலில் எழுப்பிய வினாவிற்கு விடை இனி எளிது. கண்ணாடிப் பேழையில் அடுக்கி விலை சொல்வதோடு நின்றால் அது வாணிகம். உண்மைப் பெயரைக் காத்து, உள்ளிருந்த சுருளைப் பொறுமையோடு கழுவி, எடுத்தவர் யாரெனத் தேடி, உரியவர் இருப்பின் அவர்தம் கையில் படத்தைச் சேர்ப்பித்து, கருவியை மீண்டும் இயங்கச் செய்யின் அது பதிப்பாசிரியப் பணிக்கு ஒப்பாகும்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்துக் கவிஞர் இல்லங்களிலும், அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய கேமரா கிடக்கக்கூடும். தந்தையோ தாய்மாமனோ கையாண்டதாக இருக்கும். காயலான் கடைக்குப் போடுமுன், அதன் முதுகிலுள்ள சிவப்புச் சாளரத்தை ஒருமுறை நோக்குக. அங்கே ஓர் எண் நின்றுகொண்டிருக்கலாம்.