பூஜ்யத்தில் அறுந்த கயிறு



வகைக்கெழு மைனஸ் என்றால் சார்பு இறங்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். சரி, 1-ஐ எக்ஸால் வகுக்கும் சார்பை எடுங்கள். வகைக்கெழு எங்கே பார்த்தாலும் மைனஸ்தான். ஆனால் எக்ஸ் மைனஸ் 1 ஆகும்போது மதிப்பு மைனஸ் 1. எக்ஸ் 1 ஆகும்போது மதிப்பு 1. இறங்க வேண்டியது ஏறிப்போச்சே!

அந்த விதிக்கு அஸ்திவாரமே சராசரி மதிப்புத் தேற்றம்தான். இரு புள்ளிகளுக்கு நடுவே எங்கோ ஓரிடத்தில் வகைக்கெழு சராசரி ஏற்றத்துக்குச் சமமாகும் என்கிறது அது. இங்கே சராசரி ஏற்றம் 1. மைனஸாகவே இருக்கும் வகைக்கெழு எப்படி 1 ஆகும்? பூஜ்யத்தில் சார்பே கிடையாது. தேற்றம் கேட்கிற தொடர்ச்சி அங்கே அறுந்துவிடுகிறது. இடப்புறம் தனியாக இறங்குகிறது, வலப்புறம் தனியாக இறங்குகிறது, அவ்வளவுதான். நிபந்தனை வரியை மார்க்குக்காக எழுதுகிறவர்கள், ராத்திரி டேன் சார்பைப் போட்டுப் பாருங்கள்: வகைக்கெழு எப்போதும் பிளஸ், 45 பாகையில் 1, 135 பாகையில் மைனஸ் 1!